உம்மா கேட்ட கேள்வியும் ஒரு கொம்பியூட்டரும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கொம்பியூட்டர் வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நடுப்பகுதியை மட்டும் வாசித்தாலும் பிரயோசனப்படும்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் இரண்டு பேரும் ஆசிரியர்கள். முப்பதைத் தாண்டி ஆறு வருடம். ஒருவர் வரலாறு படிப்பிக்கிறார், மற்றவர் கணிதம். பகல் முழுக்கப் பிள்ளைகளிடம் "கேம் விளையாடாம படிங்க" என்று சொல்லிவிட்டு, இஷாவுக்குப் பிறகு வீட்டில் இருந்து கேம் விளையாடுகிற ஆட்கள் நாங்கள்தான். சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை. ஊரைக் கட்டி, வயலை விதைத்து, படையைத் திரட்டி, யோசித்து யோசித்து விளையாடுகிற வகை. கிழமையில் இரண்டு நாள், ஒரு மணித்தியாலம். அவ்வளவுதான்.

ஒருவருக்கு இந்தப் பழக்கம் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரி விடுதியில், ஒரு கூட்டாளியின் லெப்டொப்பில் தொடங்கியது. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2. 1999இல் வந்த கேம். அதில் சலாஹுத்தீன் அய்யூபியின் படையெடுப்பு வருகிறது என்று கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. மற்றவருக்கு வாப்பா வைத்திருந்த செஸ் பலகை. அஸர் முடிந்து மஃரிபுக்கு இடையில் ஒரு ஆட்டம். வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பலகையைத் தொட மனம் வரவில்லை. கலியாணம் முடித்த 2014இல் ஒரு டெஸ்க்டொப் வாங்கினோம். வினாத்தாள் அடிப்பதற்கு என்றுதான் எல்லாருக்கும் சொன்னோம்.

அந்த மெஷின் 2022இல் போய்விட்டது. அந்த வருடம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வருவதும் போவதுமாக இருந்து, ஒரு நாள் 'பட்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. திருத்தலாம், புதுசு வாங்கலாம் என்று நினைத்தால், மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் இருந்த டொலர் மே மாதம் 360 ரூபாய்க்குப் போய்விட்டது. பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் கேம் விளையாட மெஷின் கேட்பது வெட்கம். மூடிப் போட்டு மூலையில் வைத்தோம்.

மூன்று வருடம் கழித்து இந்தச் செப்டெம்பரில் ஸ்டாஃப் ரூம் சீட்டு எங்களுக்கு விழுந்தது. 150,000 ரூபாய். வட்டிக் கடனுக்கும் கார்டுக்கும் போவதில்லை என்று கலியாணத்தன்றே முடிவெடுத்தவர்கள் நாங்கள். அதனால் இந்தக் காசுக்குள் அடங்கினால் மட்டும்தான். அதிலும் ஒரு பிரச்சினை. மகன் ஐந்தாம் ஆண்டு, கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு, உம்மாவின் மருந்து. இவ்வளவும் இருக்க, எங்களுக்கு ஒரு விளையாட்டுச் சாமானா? மூன்று நாள் இதைப் பற்றிப் பேசினோம். கடைசியில், கூரைக்கு 50,000 ஒதுக்குவது, மிச்சத்தில் வருவதை மட்டும் வாங்குவது என்று முடிவானது.

கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய் ஒரு கடையில் விசாரித்தோம். கண்ணாடிப் பெட்டி, உள்ளே பச்சை, நீலம், சிவப்பு என்று லைட் ஓடுகிறது. பெரிய கிராபிக்ஸ் கார்ட். 285,000 ரூபாய். "கேம் எண்டா இதுக்குக் கீழ ஒண்டும் சரிவராது" என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசவில்லை.

எங்களிடம் ஓ.எல் வரை படித்த ஒரு தம்பி இப்போது ஊரில் கொம்பியூட்டர் திருத்துகிறார். அவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"சேர், மிஸ், நீங்க என்ன கேம் விளையாடுவீங்க எண்டு அந்தக் கடையில கேட்டாங்களா?"

ஒருவரும் கேட்கவில்லை.

அவர் விளங்கப்படுத்தியதை எங்கள் பாஷையில் எழுதுகிறோம். சுடுகிற கேம்களில் வேலை முழுக்கப் படத்தை வரைவதில்தான். அதற்குத்தான் பெரிய கிராபிக்ஸ் கார்ட். எங்கள் வகைக் கேமில் வேலை கணக்குப் பார்ப்பதில். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸில் எட்டுப் பேர் விளையாடினால், ஆளுக்கு 200 பேர் என்று 1,600 உருவங்கள். ஒவ்வொன்றும் எந்த வழியால் நடக்க வேண்டும் என்று பிரொசெஸர்தான் பார்க்க வேண்டும். சிவிலைசேஷன் மாதிரி முறை வைத்து ஆடுகிற கேமில், நாங்கள் ஒரு முறை ஆடி முடிய, மற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் அது யோசித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். கேம் நீள நீளக் காத்திருப்பும் நீளும். ஆகவே காசைப் பிரொசெஸரில் போடுங்கள், லைட்டில் போடாதீர்கள். இன்னொன்றும் சொன்னார். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸை நண்பர்களோடு ஒன்லைனில் ஆடும்போது யாருடைய மெஷின் ஆக மெதுவானதோ, அதன் வேகத்துக்குத்தான் எல்லாருடைய ஆட்டமும் போகுமாம். வகுப்பில் நாங்கள் தினமும் பார்ப்பதுதானே.

இரண்டு வழி காட்டினார்.

ஒன்று, புதுசாகச் சேர்ப்பது. ரைசன் 5 5600ஜி என்ற பிரொசெஸர். ஆறு கோர். படம் வரைகிற பகுதியும் உள்ளேயே இருக்கிறது, தனிக் கார்ட் தேவையில்லை. அவர் போட்ட கணக்கு 158,000.

இரண்டாவது, கம்பனிகளில் பாவித்துக் கழித்த ஒபீஸ் மெஷின். ஐ5 8500, அதுவும் ஆறு கோர்தான். எட்டு ஜிபி ரெம், எஸ்எஸ்டி எல்லாம் போட்டு 68,000. படம் வரைகிற பகுதி முதலாவதை விடப் பலவீனம். கேமின் செட்டிங்ஸைக் குறைத்து வைத்துத்தான் விளையாட வேண்டும்.

எங்களிடம் பழைய மொனிட்டர் நன்றாகவே இருந்தது. இரண்டாவதை எடுத்தோம். பழைய மெஷின் எடுக்கிறவர்களுக்கு அந்தத் தம்பி சொன்ன விஷயங்கள்:

எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் இப்போது சும்மா கொடுத்த மாதிரி விலையில் வருகிறது. காரணம் இருக்கிறது. வின்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் தந்துவந்த சாதாரண ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. வின்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும்.

சின்னப் பெட்டி பார்க்க வடிவு. ஆனால் பிறகு ஒரு கார்ட் போட நினைத்தால் கட்டையான கார்ட்தான் உள்ளே போகும். டவர் எடுங்கள்.

ரெம் ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டு குச்சியாக இருந்தால் நல்லது. தனிக் கார்ட் இல்லாத மெஷின் படம் வரையவும் ரெம்மைத்தான் பாவிக்கும். இரண்டு குச்சி என்றால் இரண்டு வழியால் போய் வரலாம்.

வாங்க முதல் போட்டு அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். பயோஸில் பழைய கம்பனியின் பாஸ்வேர்ட் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தரம் திறந்து தூசி தட்டுங்கள். யூபிஎஸ் கட்டாயம். ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிக்கு யூபிஎஸ்ஸை நம்பவும் வேண்டாம், ப்ளக்கைக் கழற்றுங்கள்.

கேமுக்குக் காசு இல்லை என்றால் திருட்டுக் கொப்பி வேண்டாம். 0 ஏ.டி., வெஸ்னொத், ஃப்ரீசிவ் மூன்றும் இலவசம், ஹலாலான வழியில்.

யூபிஎஸ்ஸும் சேர்த்து 85,000க்குள் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். இத்தோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால் உம்மாவைப் பற்றி எழுதாமல் விட முடியவில்லை.

உம்மா எங்களோடுதான் இருக்கிறார். ஊர் வழக்கப்படி மகளுக்குக் கொடுத்த வீடு, எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. மெஷின் வந்த வெள்ளிக்கிழமை இரவு ஹோலில் வைத்துப் போட்டோம். புதிய பதிப்பில், 2022இல் சேர்த்த பகுதியில், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு இருக்கிறது. வரலாறு படிப்பிக்கிறவருக்கு அதைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. மகனும் பக்கத்தில். உம்மா தஸ்பீஹை வைத்துக்கொண்டு பின்னால் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பத்து நிமிடம் அவருக்கும் பிடித்திருந்தது. ஆடு சாய்ப்பது, வயல் செய்வது, மீன் பிடிப்பது. "அந்தத் தோணிக்காரனை ஏன் சும்மா வெச்சிரிக்கீங்க, மீனுக்கு அனுப்புங்க மருமகன்" என்று கூடச் சொன்னார். மறுகா படை போனது. ஒரு ஊர் எரிந்தது. மகன் கை தட்டினான்.

உம்மா கேட்டார்: "இதுல செத்தவன் திரும்ப எழும்புவானா மகள்?"

"புதுசா ஆள் செய்யலாம் உம்மா."

"அப்ப இது நடந்த மாதிரி இல்ல," என்று சொல்லிவிட்டு எழும்பி அறைக்குள் போய்விட்டார்.

உம்மாவின் சின்னக் காக்கா 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாவுக்குப் பள்ளிக்குப் போனவர். எங்கள் ஊர் ஆட்களுக்கு இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. எங்கள் இருவருக்கும் அப்போது ஒரு வயது. வருடா வருடம் சுஹதாக்கள் தினத்தில் துஆ கேட்டு வளர்ந்தோம். ஆனால் அந்த இரவை உம்மா ஒரு நாளும் எங்களுக்குக் கதையாகச் சொன்னதில்லை.

அன்று மெஷினை நிறுத்திவிட்டோம். இரண்டு பேரும் கனநேரம் பேசினோம். விற்றுவிடலாமா என்றுகூட வந்தது. செஸ்ஸிலும் படைதானே என்று ஒருவர் வாதாடினார். செஸ்ஸில் ஊர் எரிவதில்லை என்றார் மற்றவர். இருவரிடமும் நியாயம் இருந்தது.

வரலாறு படிப்பிக்கிறவருக்கு வேறொன்றும் குத்தியது. 993இல் ராஜராஜனின் படை அநுராதபுரத்தை அழித்தது, 1017இல் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டான், 1070இல் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டான். இத்தனை வருடமாக இதை மூன்று ஆண்டுக் கணக்காகத்தான் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். கேமில் அதே சண்டையைச் சோழர் பக்கம் நின்று ஆடுகிறோம், பாடப் புத்தகத்தில் இந்தப் பக்கம் நின்று வாசிக்கிறோம். இரண்டிலும் அந்தத் தோணிக்காரன் இல்லை. போன கிழமை வகுப்பில், "படை போன வழியில இருந்த ஆக்களுக்கு என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, தன் மூத்தம்மா சொன்ன கதையைச் சொன்னது. பாடம் அன்று முடியவில்லை.

மெஷினை விற்கவில்லை. ஹோலில் இருந்து எடுத்து எங்கள் மேசைக்கு மாற்றினோம். மகன் இருக்கும்போது சிவிலைசேஷன்தான், அதில் படை அனுப்பாமல் விஞ்ஞானத்தாலும் கலாசாரத்தாலும் வெல்ல வழி இருக்கிறது. அந்த வழி கஷ்டம், அவன் மூன்று தரம் தோற்றுவிட்டான். வாப்பாவின் செஸ் பலகையையும் அலுமாரிக்கு மேலிருந்து இறக்கியிருக்கிறோம். ஒரு குதிரையைக் காணவில்லை, போத்தல் மூடி வைத்து ஆடுகிறோம்.

உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். "எனக்கென்ன, நீங்க விளையாடுங்க. புள்ளைக்கு மட்டும் எரியிறதுக்குக் கை தட்டப் பழக்காதீங்க" என்றார். நேற்று இரவு அறை வாசலில் வந்து நின்று, அந்தத் தோணி இன்னும் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியாக ஒரு விஷயம். எட்டு ஜிபி டிடிஆர்4 ரெம் ஒரு குச்சி, டெஸ்க்டொப்புக்கு, பாவித்ததாக யாரிடமும் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்கிறோம். உம்மாவுக்காகவும் துஆ செய்யுங்கள்.