வேடசந்தூருக்கு வந்த சின்னக் காமிரா

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் வேடசந்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குத் திக்கென்றது. மடியில் இருந்த பை காற்றாய்க் கிடந்தது. ஐயையோ, காமிராவை வீட்டிலேயே விட்டுவிட்டேனா? அவசரமாகப் பையைத் திறந்தால், பூத்துவாலைக்குள் சமர்த்தாகச் சுருண்டு கிடக்கிறது! பக்கத்து சீட்டு அம்மாள், "என்னம்மா, பர்ஸைக் காணோமா?" என்று பதறிப்போனாள்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே வழியில் போனபோது மடியில் இருந்தது வேறு. நிக்கான் டி 750 காமிரா, அதற்கு இரண்டு லென்ஸ். என் கணவர் ஆசையாய் வாங்கிக் கொடுத்தது. நானும் படித்துப் பழகி, குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைக்கும் நேரத்தில் குருவி, கோயில், கோலம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோவும் வைக்கவில்லை, காசும் வாங்கவில்லை. எல்லாம் ஆசைக்குத்தான்.

அன்றைக்கு வேடசந்தூர் பக்கத்தில் அழகாபுரி அணைக்குப் போயிருந்தோம். குடகனாற்றின் குறுக்கே கட்டிய மண் அணை. கீழ்ப்பழனி மலையில் பிறந்து, இந்த வறண்ட பூமியைக் கொஞ்சம் நனைத்துவிட்டு அமராவதியில் போய்ச் சேருகிற ஆறு இது. அணைக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1977-ல் கட்டி முடித்த அதே வருஷம் வந்த பெருவெள்ளம் கரைக்கு மேலே வழிந்து அணையை உடைத்துக்கொண்டு போய்விட்டது. பிறகுதான் மறுபடி கட்டினார்கள். அந்தக் கரைமேல் நடந்துகொண்டே கொக்குகளைப் பிடிப்பதாகத் திட்டம். பாதி தூரம்கூடப் போகவில்லை, கழுத்திலிருந்து இடது தோள் வரை சுளீரென்று ஒரு வலி. விரல் நுனிகள் மரத்துப்போயின. ஒரு படம்கூட எடுக்காமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பி டாக்டரம்மாவிடம் போனேன்.

"வீட்டில் கைக்குழந்தை இருக்கா? ஒரே பக்கமா இடுக்கிக்கறீங்களா?"

"குழந்தை இல்லை டாக்டர், காமிரா!"

அவர் சிரிக்கவில்லை. கழுத்தில் முன்பக்கமாகத் தொங்கும் கனம் தலையை முன்னுக்கு இழுக்கும். அதைத் தாங்கப் பின்கழுத்துத் தசைகள் நாள் பூராவும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் வலி என்று விளக்கினார். விரல் மரத்துப்போவதை மட்டும் தைலம் தடவிச் சமாளிக்கக் கூடாது, நரம்பு அழுத்தமா என்று பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். (குழந்தையின் பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு அலையும் இளம் தாய்மார்களே, இது உங்களுக்கும்தான்.) நல்லவேளை, எனக்கு நரம்புக் கோளாறு இல்லை. பயிற்சி செய்தேன், வலி குறைந்தது. ஆனால் காமிரா பீரோவுக்குள் போனது போனதுதான். ஏறக்குறைய இரண்டு வருஷம்! ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க மட்டும் வெளியே வரும்.

ஒருநாள் சமையலறைத் தராசில் அதைத் தூக்கி வைத்தேன். காமிரா 840 கிராம், ஒரு லென்ஸ் 710, இன்னொன்று 745. கிட்டத்தட்ட 2 கிலோ 300 கிராம். அரிசியாக இருந்தால் ஒன்றுமில்லை, இறக்கி வைத்துவிடலாம். கழுத்தில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பது வேறு.

"ஹோமாய் வியாரவல்லா புடவை கட்டிக்கொண்டு, கனத்த ஸ்பீட் கிராபிக் காமிராவோடு டில்லி முழுக்கச் சுற்றவில்லையா?" என்றார் என் கணவர். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 2011-ல் பத்மவிபூஷண் பெற்றவர். வாஸ்தவம்தான். ஆனால் எனக்கு வேறொருவர் ஞாபகத்துக்கு வந்தார். ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக். அவருக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக் காமிராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு மலையேற முடியவில்லை. சினிமா பிலிமை வைத்துக் கைக்கு அடக்கமாக ஒன்றைத் தானே செய்துகொண்டார். அதுதான் 1925-ல் லைக்கா என்று விற்பனைக்கு வந்து உலகத்தையே மாற்றியது. மூச்சு முட்டிய ஒருவரின் தேவைதான் அது. இதில் நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

விசாரிக்க ஆரம்பித்தேன். கண்ணாடியில்லாக் காமிரா என்றாலே லேசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி. உள்ளே படம் விழும் சென்சார் பெரியதாக இருந்தால் லென்ஸும் பெரியதாகத்தான் வரும். பெரிய இட்லிப் பானைக்குப் பெரிய மூடிதானே! என் பழைய காமிராவில் சென்சார் சுமார் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து 2008-ல் அறிவித்த மைக்ரோ போர் தேர்ட்ஸ் முறையில் அது 17.3-க்கு 13 தான். பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு. கண்ணாடிச் சில்லு அத்தனையும் சுருங்கிவிடுகிறது. பழைய சாமான்களைக் கொடுத்து, ஒருவர் உபயோகித்த ஒலிம்பஸ் இ-எம் 10 மார்க் 2 வாங்கினேன். கடைக்காரர் பழையதற்குப் போட்ட விலையைக் கேட்டு வயிறு எரிந்தது. நகையை விற்பதுபோல்தான் இருந்தது. புதியது மறுபடி தராசுக்குப் போயிற்று. காமிரா 390, சின்ன லென்ஸ் 93, தூரத்து லென்ஸ் 190. மொத்தம் 673 கிராம்!

பஸ் தாடிக்கொம்பைத் தாண்டியது. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் ரங்கமண்டபத்துத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள் இருக்கின்றன. போகிறவர்கள் இறங்கிப் பார்க்காமல் வராதீர்கள். அங்கே காமிராவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டுக் கண்ணால் பார்ப்பதுதான் உத்தமம்.

திண்டுக்கல்லிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் வேடசந்தூர். நூற்பாலைகளும் முருங்கைத் தோட்டங்களும் புகையிலைக் காடுகளும் சூழ்ந்த ஊர். 1948-லிருந்து இங்கே புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடி என்னவோ கொள்ளை அழகு, முறம் முறமாய் இலை. ஆனால் பனியில் நனைந்த இலையை வெறுங்கையால் அளைந்தால் நிகோட்டின் தோல் வழியாகவே ஏறித் தலைசுற்றும், வாந்தி வரும். வேலை செய்யும் பெண்கள் பலருக்கு இது தெரிவதில்லை. படம் எடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை வரப்போடு நிறுத்துங்கள்.

கடைவீதியில்தான் சின்னக் காமிராவின் மகிமை தெரிந்தது. போன தடவை பெரிய லென்ஸைத் தூக்கினதுமே, "டிவியிலிருந்து வர்றீங்களா?" என்று கூட்டம் கூடிவிட்டது. முருங்கைக்காய் விற்கும் பாட்டி முந்தானையைச் சரி செய்துகொண்டு விறைப்பாக நிமிர்ந்துவிட்டாள். இந்தத் தடவை, "ஒரு படம் எடுத்துக்கட்டுமா ஆத்தா?" என்று கேட்டேன். "எடுத்துக்க தாயி" என்று சொல்லிவிட்டு, பேரம் பேசுவதிலேயே குறியாக இருந்தாள். அவள் முகம் அப்படியே வந்திருக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும் அல்லவா? பக்கத்துக் கிராமத்தில் என் கணவரின் அத்தை வீடு. விறகடுப்படியில் வெளிச்சம் கம்மி. அத்தை களி கிண்டுவதை எடுத்தேன். படம் முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளி. சின்ன சென்சார் இருட்டில் தடுமாறத்தான் செய்யும். பழைய காமிரா இங்கே ஜெயித்திருக்கும். வெளிச்சத்தைத் தாராளமாக விடும் 25 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, 137 கிராம், தனியாக வாங்கி வைத்திருந்தேன். அதை மாட்டினதும் தேவலை. ஆனாலும் பழையதில் முகத்துக்குப் பின்னால் பஞ்சாய்க் கரையுமே, அந்த அழகு இதில் அவ்வளவாக இல்லை. கல்யாண வீடுகளில் ராத்திரி படம் எடுப்பவர்கள் யோசித்து மாறுங்கள்.

சாயங்காலம் அழகாபுரி அணைக்கரைக்கு அத்தையும் கூட வந்தார்கள். போன தடவை உட்கார்ந்த இடத்தைத் தாண்டி, கரையின் கடைசி வரை நடந்தேன். கொக்குகள் கிடைத்தன. வலி இல்லை.

"கொடு, நானும் பார்க்குறேன்" என்று அத்தை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். "இம்புட்டுத்தானா கனம்? இதுக்கா ரெண்டு வருஷம் இந்தப் பக்கமே வராம இருந்த?"

அது வேறே காமிரா என்று நான் விளக்குவதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். படத்தில் என் தலையில் பாதி இல்லை. பின்னால் அணைத் தண்ணீர் மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. ஊரையெல்லாம் படம் எடுத்த எனக்கு, அங்கே என்னை யாரோ எடுத்த படம் அது ஒன்றுதான். பிரிண்ட் போட்டு பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.