அப்பா திரும்பிய நாள்

2016 ஜூலை. விண்டோஸ் 10 இலவசமாகக் கிடைத்த கடைசி மாதம். குமாரலிங்கபுரத்தில், பிளஸ் டூ படித்தபோது அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் தம்பி ஆசையாக அதை ஏற்றிவிட்டான்.

எழுத்தெல்லாம் ஊதிப் பெருத்தது. மறைந்த அப்பாவின் வீடியோ திக்கித் திக்கி நின்றது. ''போர்டு போச்சு, புதுசு வாங்குங்க'' என்றார் அருப்புக்கோட்டை கடைக்காரர். தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா டிவைஸ் மேனேஜரைத் திறந்தாள். கிராபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தது. சிப் நன்றாகத்தான் இருந்தது. அதைப் புது விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர்தான் இல்லை. அந்தப் பழைய சிப்புக்கு விண்டோஸ் 7 டிரைவர் மட்டுமே கிடைத்தது.

அப்போது, ஏற்றிய ஒரு மாதத்துக்குள் பழையதற்குத் திரும்ப முடிந்தது. செட்டிங்ஸில் 'ரெக்கவரி' போய் அழுத்தினாள். அன்று மாலையே அப்பா தடங்கலில்லாமல் கேட்டார்: ''தாயி, தம்பி சாப்பிட்டானா?''