கல்யாணப் பந்தியும் உடல்நலமும்

திருமண ஓலை எழுத வரும் பெற்றோரிடம் நாம் வழக்கமாகக் கேட்பவை சில உண்டு: திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, மணமக்கள் இருவரின் மனமொத்த சம்மதம். அண்மைக் காலமாக இவற்றோடு மற்றொன்றையும் கேட்டு வருகிறோம்: "பந்தியில் என்ன பரிமாறப் போகிறீர்கள்?" சாமியாருக்குச் சமையற்கட்டில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். எனினும், ஆண்டவர் தம் முதல் அரும் அடையாளத்தைக் கானாவூர்த் திருமணப் பந்தியிலே அன்றோ செய்தருளினார்! அங்கே குறையை முதலில் கண்டுணர்ந்தவர் அன்னை மரியா. பந்தியில் அமர்ந்திருப்போருக்கு என்ன குறை என்று நோக்குவதே விருந்தளிப்போரின் முதற் கடமை என்பதை அந்தத் தாயிடம் நாம் கற்றுக்கொள்கிறோம்.

சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழில் செய்யும் ஒரு குடும்பத்தினர், சமையல் காண்டிராக்டர் எழுதிக் கொடுத்த பட்டியலை நம்மிடம் காட்டினர். இனிப்பு மூன்று, பொரித்த இறைச்சி இரண்டு, பரோட்டா, ஐஸ்கிரீம், வண்ணக் குளிர்பானம் என மொத்தம் 24 வகைகள். செலவில் ஒரு பகுதிக்கு வட்டிக்குப் பணம் வாங்கவும் ஏற்பாடாகியிருந்தது. உடன் வந்திருந்த மணப்பெண்ணின் தாத்தா பல்லாண்டாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர். "ஐயா, இவற்றுள் தாங்கள் எதை உண்பீர்கள்?" என்று வினவினோம். பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்கு மோர் இருந்தாப் போதும், சாமி" என்றார் அவர். அந்த 24 வகைகளில் மோர் இல்லை!

இது ஒரு வீட்டுப் பெரியவரின் நிலை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. வயது வந்தோரில் இது 11.4 விழுக்காடு. இரத்தக் கொதிப்பு உள்ளோரோ 35.5 விழுக்காடு. அப்படியெனில், பெரியவர்கள் நூறு பேர் அமரும் பந்தியில் ஏறத்தாழ பதினொருவருக்கு இனிப்பும், முப்பத்தைந்து பேருக்கு உப்பும் பகையாகும். அழைப்பிதழில் அவர்கள் பெயரை அன்போடு எழுதிய நாம், இலையில் அவர்களை மறந்துவிடலாமா?

நம் நெல்லைச் சீமையின் முன்னோர் இதில் நம்மினும் நுட்பமானவர்கள். திருமணத்துக்கு மறுநாள் தேங்காய்ப் பாலில் சொதி வைத்தவர்கள், செரிமானத்துக்குத் துணையாக இஞ்சிப் பச்சடியையும் உடன் வைத்தார்கள். உண்பவரின் வயிற்றையும் நினைத்துச் சமைத்த கைகள் அவை.

ஆகவே, அக்குடும்பத்தாரோடு அமர்ந்து பட்டியலைத் திருத்தினோம். ஆட்டிறைச்சிப் பிரியாணி இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணமா? அது இருக்கட்டும் என்றோம். அதனோடு தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய்க் கூட்டு, சுண்டல், அவியல், கீரை, குதிரைவாலிச் சோறு, சாம்பார், ரசம், சிறு குவளையில் பாயாசம், மோர் ஆகியன இடம்பெற்றன. வண்ணக் குளிர்பானத்துக்குப் பதிலாக, பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சையின் சாறு, இனிப்புக் குறைத்து. ஆக, 24 வகைகள் 12 ஆயின. வாங்க நினைத்த கடனும் குறைந்தது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லி வைத்தோம். கருப்பட்டியானாலும் அதுவும் சர்க்கரையே. குதிரைவாலியானாலும் அளவு வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே அப்பளமும் ஊறுகாயும் கேட்போருக்கு மட்டும். ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் காய்ச்சலாகாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு வைக்கலாகாது. ஆதலால் நள்ளிரவில் சமைத்து நண்பகலில் பரிமாறும் வழக்கம் வேண்டாம்.

"சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள், சாமி?" என்று தாயார் தயங்கினார். இந்த அச்சமே பல வீடுகளைக் கடனில் ஆழ்த்துகிறது. பந்தி முடிந்தபின் இலைகளைப் பாருங்கள், அம்மா. தொடப்படாமல் குப்பைக்குச் செல்லும் பண்டங்கள் யாருக்குப் பெருமை சேர்க்கின்றன? வீணாக்கப்படும் உணவு ஏழையின் மேசையிலிருந்து திருடப்பட்டது போன்றது என 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் நினைவூட்டினார். விருந்தளிக்கும்போது ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் அழைக்குமாறு லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே பணித்துள்ளார்.

அன்பார்ந்த இல்லத்தோரே, வரும் முகூர்த்தங்களில் உங்கள் வீட்டிலும் மணவிழா நிகழலாம். காண்டிராக்டரிடம் முன்பணம் கொடுக்குமுன், வீட்டின் மூத்தவரையும் இளையவரையும் அருகழைத்து, "நீங்கள் எதை உண்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை முதலில் எழுதுங்கள், மற்றவை பின்னர். வந்தோர் யாவரும் வயிறார உண்டு, நலமோடு வீடு திரும்பி, மணமக்களை மனமார வாழ்த்தும் பந்தியாக அது அமைய இறைவன் அருள்வாராக!