வாகிஃபின் நிபந்தனையும் விண்டோஸ் 98உம்



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைத்துக்கொள்வது பற்றியது. எழுதி வைத்ததைப் பின்வருவோர் படிக்க இயலாமற்போனால் என் செய்வது?

புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் உள்ள நம் மதரஸாவின் வக்ஃப் பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது. எஞ்சியது ஒரு குறுந்தகடு. எந்த நிலத்தை எவர், என்ன நிபந்தனையுடன் வக்ஃப் செய்தார் என்னும் பட்டியல் விண்டோஸ் 98 காலத்துப் பேஜ்மேக்கர் கோப்பாக அதில் இருந்தது. அது யூனிகோடு பரவாத காலம். ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்த்தியிருந்தது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்தது. யூனிகோடை ஏற்றது 2010இல்தான். ஆகவே அன்றைய எழுத்துருவும் மென்பொருளும் இன்றி அக்கோப்பு வெறும் கிறுக்கலே.

வழி, கணினிக்குள் ஒரு கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் பழைய விண்டோஸை நிறுவி இயக்கலாம். 256 எம்பி நினைவகம் போதும். மிகுதியாகக் கொடுத்தால் விண்டோஸ் 98 தடுமாறும். இணைய இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். 2006 ஜூலைக்குப் பின் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வருவதில்லை.

"பழையதுதானே, எங்கிருந்தேனும் இறக்கிக்கொள்ளலாமே" என்றார் ஒரு தம்பி. நாம் உடன்படவில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தன் 43ஆம் தீர்மானத்தில், படைப்புரிமை ஷரீஅத் ஏற்கும் உரிமையே என்றும் அதில் அத்துமீறல் கூடாது என்றும் முடிவு செய்தது. விற்பனை நின்றதால் உரிமை நின்றுவிடாது. நல்வாய்ப்பாக, மதரஸா அன்று விலைகொடுத்து வாங்கிய விண்டோஸ், பேஜ்மேக்கர் தகடுகள் இரண்டும் அவற்றின் எண்களோடு அலமாரியில் இருந்தன. அவ்வாறு இல்லாதோர், உரிமம் வைத்திருக்கும் பழைய அச்சுக்கோப்பு நிலையத்தாரிடம் கோப்பைக் கொடுத்துப் பிடிஎஃப் ஆக்கித் தரக் கேட்கலாம்.

திறந்த பக்கங்களை போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சாகக் கோப்பில் இறக்கி, இன்றைய கணினியில் பிடிஎஃப் ஆக்கினோம். எழுத்துகளைத் தனியே யூனிகோடுக்கு மாற்றினோம். இங்குதான் பொறுமை வேண்டும். நம்மவர் பெயர்களில் ஜ, ஷ, ஹ மிகுதி. மாற்றும் அட்டவணை அவற்றுக்குப் பொருந்தாவிடில் ஒருவர் பெயர் மற்றொருவர் பெயராகிவிடும். பிடிஎஃபைப் பக்கத்தில் வைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவருடன் ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டோம். இரண்டு அஸருக்குப் பிந்திய நேரங்கள் அதற்கே சென்றன.

வாகிஃப் விதித்த நிபந்தனையை ஃபுகஹாக்கள் எவ்வளவு கனமாகக் கருதுவர் என்பது கற்றோர் அறிந்ததே. பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. அதன் வருமானம் முழுவதும் ஹிஃப்ழு மாணவர்களின் உணவுக்கே என்றிருந்தது. பல ஆண்டுகளாக அப்பணம் பொதுக் கணக்கில் சேர்ந்து வந்துள்ளது. நிர்வாகத்தாரிடம் படியைக் கொடுத்துள்ளோம். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் கணக்கைப் பிரிப்பது பற்றிப் பேசப்படும், இன்ஷா அல்லாஹ்.