எல்லை தாண்டினால் வரியும் மாறும்

கேரள எல்லையிலுள்ள எங்கள் பாறசாலையில் பைக் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பெட்ரோல் அடிக்கத் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைக்குப் போ, அங்கே விலை குறைவு. விமான எரிபொருளில் கதை அப்படியே தலைகீழ். உள்நாட்டு விமானங்களுக்குத் தமிழ்நாட்டில் வாட் வரி 29 சதவீதம், திருவனந்தபுரத்தில் 5. விமான நிறுவனங்களும் நம்மைப் போலத்தான், வரி குறைவான ஊரில் கூடுதலாக நிரப்பிக்கொள்ளும்.

அப்படியானால் திருவனந்தபுரத்து டிக்கெட் மலிவாக இருக்க வேண்டுமே? இங்கேதான் விமான நிலையம் பயணியிடம் வாங்கும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் குறுக்கே வருகிறது. உள்நாட்டுப் பயணி புறப்பட 506 ரூபாயாக இருந்தது 2024 ஜூலையில் 770 ஆனது. வெளிநாட்டுக்கு 1,540 ஆனது. வந்து இறங்குகிறவருக்கும் தனியாக உண்டு: அப்போது உள்நாடு 330, வெளிநாடு 660. அதன்பிறகும் வருடா வருடம் ஏறும்படிதான் விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. விமானத்தின் தரையிறங்கு கட்டணமும் 2024-ல் டன்னுக்கு 309 ரூபாயிலிருந்து 890 ஆனது. புது சர்வீஸ் தொடங்க நினைக்கும் நிறுவனம் இதைக் கணக்குப் பார்க்காமல் இருக்குமா?

வளைகுடாவிலிருந்து லீவில் வரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கட்டணம் தெரியவே தெரியாது. டிக்கெட்டில் சேர்ந்தே போய்விடுகிறது. அடுத்த முறை புக் பண்ணும்போது அந்த 'வரிகள், கட்டணங்கள்' வரியை ஒரு தடவை விரித்துப் பாருங்கள் மக்களே.