கூரையின் கீழ் ஒரு தெரு

எங்கள் தருமபுரிப் பக்கத்துச் சந்தைகளுக்கு வானமே கூரை. காரிமங்கலம் வாரச்சந்தையில் விடியலில் விரியும் கடைகள் பொழுது சாய்வதற்குள் மூட்டையாகிவிடும். மறுநாள் வெறும் பொட்டல்தான். மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் பேசுகிறது. அங்கும் நம் நினைவில் தங்குவது பண்டங்களும் மக்கள் திரளுமே, கட்டடமன்று.

அரபு நகரங்களின் 'சூக்' இதற்கு நேர்மாறானது. சிரியாவின் அலெப்போ நகரத்தில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளைபிரியும் அங்காடித் தெருக்கள், கல்லால் வளைத்த கூரையின் கீழ் அமைந்தவை. உச்சியில் விட்ட துளைகளின் வழியே வெளிச்சம் தூண் தூணாக இறங்கும். வாசனைப் பொருளுக்கு ஒரு தெரு, சோப்புக்கு ஒரு தெரு எனத் தொழில்வாரியாகப் பிரிந்திருக்கும். கோடையின் வெம்மை உள்ளே நுழையாது. 2012 செப்டம்பரில் உள்நாட்டுப் போரின் தீ அதன் பெரும்பகுதியைத் தின்றது.

படங்களில் அதைக் காணும்போதெல்லாம் எனக்கு மதுரைப் புதுமண்டபமே நினைவுக்கு வரும். திருமலை நாயக்கர் (1623–1659) மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே வசந்த விழாவுக்கெனக் கட்டியது. 124 தூண்கள் கொண்டது. பின்னாளில் அதுவே அங்காடியாயிற்று. முதுகலை படித்த நாள்களில் பாடநூல்கள் வாங்க அங்கே போவேன். வெயிலிலிருந்து உள்ளே கால்வைத்ததும் கண் சற்றுநேரம் இருண்டுவிடும். முதலில் கேட்பது தையல் இயந்திரங்களின் ஓசை. பிறகே யாளிகள் புலப்படும். அழகர் திருவிழாவுக்கு வேடமிடுவோரின் உடைகளைத் தைத்தவர்களில் இசுலாமியரும் இருந்தனர். நாயக்க மன்னர்களின் சிலைகளுக்கு நடுவே வளையலும் பித்தளைப் பாத்திரமும் பேரம் பேசப்பட்டன.

2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. அதன்பின் புதுமண்டபக் கடைகளும் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆணியும் புகையும் கல்லுக்குப் பகை. அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அலெப்போவில் கட்டடத்தோடு சேர்ந்து அங்காடி அழிந்தது. மதுரையில் கட்டடத்தைக் காக்கவே அங்காடி வெளியேறியது. வணிகர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் வழிபாடும் வயிற்றுப்பாடும் ஒரே நிழலில் இருந்த அந்த ஏற்பாட்டைச் சத்திரத்துக்கு மாற்ற முடியவில்லை.

மாணவர்களிடம் புதுமண்டபம் பற்றிப் பேசும்போது எந்தத் தூணில் எந்தச் சிற்பம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. அதன் அடியில் எந்தக் கடை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.