கடவுளின் கோமாளி



"நீதான் மிமிக்ரி பண்றவனாச்சே, மலருக்குச் சிரிக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுடா" என்று கேட்டார்கள். சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இது எனக்கே கொஞ்சம் சங்கடமான கதை.

போன வருட விடுதி விழாவில் நம் ஒர்க்‌ஷாப் அட்டெண்டர் ஒருவரைப் போல நடித்தேன். அவருக்குப் பேச்சு திக்கும். ஃபைலை எடு என்று அவர் சொல்வதை இழுத்து இழுத்துச் சொன்னேன். ஹாலே அதிர்ந்தது. இறங்கி வரும்போதுதான் பார்த்தேன், சாப்பாட்டுத் தட்டோடு கதவோரம் அவர் நின்றுகொண்டிருந்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து எங்கள் பேட்ச்சிடம் எல்லாமே சைகைதான்.

அந்தச் சமயத்தில் என் அறைத் தோழன் ஒரு புத்தகம் கொடுத்தான். இத்தாலிய நாடகக்காரர் தாரியோ ஃபோ எழுதி, தனி ஆளாக மேடையேறி நடித்த நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. 1997இல் நோபல் பரிசு வாங்கியவர், 1999இல் மேடையேற்றிய நாடகம் இது. அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸின் வாழ்க்கைதான் கதை. "புனிதர் கதையில என்னடா காமெடி?" என்று கேட்டேன். "படிச்சுப் பாரு, அவரே ஒரு கோமாளிதான்" என்றான்.

உண்மைதான். பிரான்சிஸ் தன்னைக் கடவுளின் கூத்தாடி என்று சொல்லிக்கொண்டவர். துணி வியாபாரியின் மகன். அப்பா வழக்குப் போட்டபோது, பிஷப் முன்னாலேயே உடுத்தியிருந்த துணியையும் கழற்றிக் கொடுத்தவர். அந்தக் காலத்தில் கூத்தாடி என்பது கௌரவமான பெயர் இல்லை. வாய்த்துடுக்கான கூத்தாடிகளுக்கு எதிராக 1221இல் மன்னர் இரண்டாம் பிரெடரிக் சட்டமே போட்டார்.

நாடகத்தில் ஒரு காட்சி. தன் கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போப்பிடம் போகிறார் பிரான்சிஸ். "போய்ப் பன்றிகளோடு புரளு" என்று விரட்டுகிறார்கள். இவரும் நிஜமாகவே போய்ப் புரண்டுவிட்டு, சேறும் நாற்றமுமாகத் திரும்பி வந்து நிற்கிறார்! பழைய வரலாற்றுக் குறிப்பேடு ஒன்றில் உள்ள கதைதான் இது.

இன்னொன்று, 1222 ஆகஸ்ட் 15, பொலோனா நகரம். ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் பெரிய குடும்பங்கள் நிறைந்த ஊர். ஃபோவின் பிரான்சிஸ் அவர்களைத் திட்டவில்லை. "அடடா, என்ன வீரம்! எத்தனை பிணம்!" என்கிற தோரணையில் புகழ்ந்து தள்ளுகிறார். கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் வெட்கம். அன்றைய பேச்சு முழுசாக எழுதி வைக்கப்படவில்லை, அதனால் வசனம் ஃபோவின் கற்பனை. ஆனால் கூட்டம் நடந்தது நிஜம். நேரில் பார்த்து எழுதி வைத்தவர் யார் தெரியுமா? அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், ஸ்பிலிட் நகரத்துத் தாமஸ். அழுக்கு அங்கி, எடுப்பில்லாத தோற்றம், ஆனால் அந்தப் பேச்சில் பகையாளிகள் பலர் சமாதானமானார்கள் என்கிறார்.

புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். பிரான்சிஸும் ஊரைச் சிரிக்க வைத்தார், நானும் வைத்தேன். வித்தியாசம் எங்கே? அவர் சேற்றில் தான் புரண்டார். நான் இன்னொருவரைப் புரட்டினேன். அவர் கேலி செய்தது போப்பின் அரண்மனையை, கத்தி வைத்திருந்த பெரிய மனிதர்களை. நான் கேலி செய்தது, திருப்பிப் பேச முடியாத ஒருவரை.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குச் சீக்கிரமே போனேன். "அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் வைஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமானது. முடியும்வரை நின்று கேட்டேன். "சாப்பிட்டியா?" என்பதுதான் அது.

இந்த வருட விழாவில், வைவாவில் எக்ஸ்டெர்னல் முன்னால் திருதிருவென்று முழித்த என்னையே நடித்துக் காட்டினேன். கைதட்டல் போன வருடத்தைவிடக் குறைவுதான், நண்பர்களே. ஆனால் இந்தத் தடவை அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.